சட்டத்தின் வாயில் வழியே வரும் பிள்ளை



ஆண்டுதோறும் சூலை, ஆகஸ்டுத் திங்கள்களில் பிரான்சு நாட்டுப் பள்ளிகளுக்கு நெடுவிடுமுறை. அந்நாள்களில் உப்பளத்தில் பூட்டிக் கிடந்த வீடுகள் பல திறக்கப்படும். பாரிசிலிருந்தும் அதன் சுற்றூர்களிலிருந்தும் நம் உறவினர் வந்திறங்குவர். நெல்லித்தோப்பு விண்ணேற்பு அன்னையின் திருநாள் வரை தங்கியிருந்து, முன்னோர் கல்லறைகளுக்கு மாலையிட்டு, ஒரு திருமணத்தையும் ஒரு புதுநன்மை விழாவையும் கண்டு திரும்புவர். அவர்களுள் பிள்ளைப்பேறற்ற தம்பதியர் சிலர் பங்கு இல்லத்திற்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாமி, அண்ணன் பிள்ளையை எங்கள் பேரில் எழுதி அழைத்துக்கொண்டு போகலாமா? ஒரு மாதம் லீவு இருக்கிறது. அதற்குள் முடியுமா?"

முடியாது என்பதே விடை. ஆனால் 'முடியாது' என்ற ஒரு சொல்லோடு அவர்களை அனுப்பிவிட்டால், குறுக்கு வழி காட்டுவோர் அடுத்த தெருவிலேயே காத்திருப்பர். ஆதலின், எது முடியும், எவ்வழியில் முடியும், ஏன் அவ்வளவு காலம் ஆகிறது என்பதை இத்திங்கள் விரித்துரைக்க விழைகின்றேன்.

இவ்வினா நம் ஊரில் மிகுதியாக எழுவதற்குக் காரணம் நம் வரலாறே. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுவையின் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. 1956-இல் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்குப் பிறந்து இங்கேயே வாழ்ந்தோர் இந்தியக் குடிமக்களாயினர். ஆயினும், ஆறு திங்களுக்குள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. அன்று ஒரே வீட்டில் அண்ணன் ஒரு விதமாகவும் தம்பி வேறு விதமாகவும் முடிவெடுத்ததுண்டு. அந்த ஆறு திங்களின் விளைவை இன்று பேரப்பிள்ளைகள் தாங்கி நிற்கின்றனர். ஒரே இரத்தம், ஆனால் இரண்டு நாடுகள், இரண்டு சட்டங்கள்.

தத்தெடுக்க விழைவோர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி, 'என் கையிலிருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?' என்பதாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அயல்நாட்டில் வாழ்பவரே சட்டத்தின் கண்ணில் வெளிநாடு வாழ் இந்தியர். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உடையவர் உப்பளத்தில் பிறந்து வளர்ந்து, நம்மைவிட நல்ல தமிழ் பேசினாலும், சட்டப்படி அவர் அயல்நாட்டுக் குடிமகன். கடல்கடந்த இந்தியர்க்கான அட்டை அவரிடம் இருக்கலாம், அவ்வளவே. பிள்ளையை ஒதுக்கித் தருவதில் இந்தியாவில் வாழும் தம்பதியர்க்கும் வெளிநாடு வாழ் இந்தியர்க்கும் முன்னுரிமை; ஏனையோர்க்கு அதன் பின்னரே இடம். கடல் கடந்து செல்லும் பிள்ளைகள் பெரும்பாலும் சற்று வளர்ந்தவர்களாகவோ, உடற்குறை உள்ளவர்களாகவோ, பிரிக்கக் கூடாத உடன்பிறப்புகளாகவோ இருப்பதன் காரணம் இதுவே. 2024-25-ஆம் ஆண்டில் நாடெங்கும் நடைபெற்ற 4,515 தத்தெடுப்புகளுள் 4,155 உள்நாட்டிலேயே நிகழ்ந்தவை. பிள்ளை பிறந்த மண்ணிலேயே அதற்கொரு குடும்பம் கிடைக்குமானால் அதுவே முதல் நன்மை என்பது இந்தியச் சட்டத்தின் கொள்கை. உலக நாடுகளின் கொள்கையும் அதுவே.

சட்டம் இந்நிலைக்கு வந்து சேர்ந்த வழியைச் சுருங்கக் கூறுவேன். 1956-ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தாது. எனவே நம்மவரும் அயல்நாட்டாரும் பொதுவாக 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் காப்பாளராக மட்டுமே அமர்த்தப்பட்டனர். அயல்நாட்டார் அவ்வாணையோடு பிள்ளையைக் கொண்டு சென்று தம் நாட்டில் தத்தெடுப்பர். போன பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்பார் இல்லை. 1982-இல் இலட்சுமிகாந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மடல் எழுதினார். அம்மடலையே வழக்காக ஏற்று, 1984 பிப்ரவரியில் நீதியரசர் பகவதி தலைமையில் வழங்கப்பட்ட தீர்ப்பு அயல்நாட்டுத் தத்தெடுப்புக்கு முதன்முறையாக வேலி கட்டியது. 1990-இல் 'காரா' எனச் சுருக்கமாக வழங்கப்படும் மத்திய தத்தெடுப்பு வள அமைப்பு தோன்றியது. 1993-இல் ஹேக் நகரில் உருவான உலக ஒப்பந்தத்தை இந்தியா 2003-இல் ஏற்றது. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் எம்மதத்தாரும் தத்தெடுக்கலாம் என்று 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2015-ஆம் ஆண்டின் புதிய சட்டம் யாவற்றையும் ஒழுங்குபடுத்தியது. 2022 செப்டம்பர் முதல், தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்திற்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்கி வருகிறார்.

இனி நடைமுறைக்கு வருவோம். பயணம் புறப்படுமுன் செய்ய வேண்டியவை, இங்கு வந்தபின் செய்ய வேண்டியவை, திரும்பிச் சென்றபின் செய்ய வேண்டியவை என மூவகை உண்டு. இவற்றுள் முதல் வகையே மிகப் பெரிது. விமானத்தில் ஏறுமுன் பாதிக்கு மேற்பட்ட வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதை நம்மவர் பலர் அறியார்.

பிரான்சில் வாழ்வோர் தாம் குடியிருக்கும் தெபார்த்துமானின் குழந்தை நலத் துறைக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும். அலுவலர் வீட்டிற்கு வருவார். கணவனிடமும் மனைவியிடமும் உரையாடுவார். மருத்துவம், வருவாய், நன்னடத்தை ஆகியவற்றுக்குச் சான்று கேட்பார். அதன் முடிவில் வழங்கப்படும் இசைவு 'அக்ரெமான்' எனப்படும். அது 5 ஆண்டு செல்லும். பின்னர் அந்நாட்டில் ஏற்பளிக்கப்பட்ட தத்து அமைப்பின் வழியாகவோ அரசு அமைப்பின் வழியாகவோ இல்ல ஆய்வு அறிக்கை உள்ளிட்ட ஏடுகள் இந்தியாவின் காராவுக்கு அனுப்பப்பட்டுப் பதிவாகும். தம்பதியர் ஈராண்டேனும் நிலையான இல்லறம் நடத்தியிருக்க வேண்டும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் 25 ஆண்டுக்குக் குறையாத அகவை இடைவெளி இருக்க வேண்டும். தனித்து வாழும் ஆண் பெண்குழந்தையைத் தத்தெடுக்க இயலாது. இவை இந்தியா விதிக்கும் நிபந்தனைகள்.

மறுபுறம் பிள்ளையின் பக்கத்திலும் ஒரு பாதை உண்டு. பெற்றோர் ஒரு பிள்ளையை ஒப்படைத்தால், தம் மனத்தை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு 60 நாள் தவணை உண்டு. கண்டெடுக்கப்பட்ட பிள்ளையாயின் அதன் பெற்றோரைத் தேட வேண்டும். இவையெல்லாம் முடிந்து, குழந்தைகள் நலக் குழு 'இப்பிள்ளை தத்துக்குத் தடையற்றது' என அறிவித்த பின்னரே அது பட்டியலில் இடம்பெறும். இரு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் காராவின் தடையின்மைச் சான்று வழங்கப்படுகிறது. பிள்ளை தம் நாட்டில் நிலையாகக் குடியிருக்க இடமுண்டு என்று பெறும் நாடும் உறுதி தர வேண்டும். பின்னர் மாவட்ட ஆட்சியரின் ஆணை. ஹேக் ஒப்பந்தத்தின்படி இணக்கச் சான்று. புதிய பெற்றோரின் பெயரோடு பிறப்புச் சான்று. பிள்ளைக்கு இந்தியப் பாஸ்போர்ட். அதன்மேல் பிரெஞ்சுத் தூதரகத்தின் நெடுங்கால விசா. இத்தனைக்கும் பின்னரே தாயும் தந்தையும் நேரில் வந்து பிள்ளையைக் கைப்பற்றிச் செல்ல வேண்டும். தத்துக்காகப் பயணம் செய்யும் ஊழியர்க்குப் பிரெஞ்சுத் தொழிற்சட்டம் ஆறு வாரம் வரை ஊதியமில்லா விடுப்பு தருகிறது. எனவே ஆண்டு விடுமுறையை இதற்கெனச் செலவிட்டு அல்லலுற வேண்டுவதில்லை. திரும்பிச் செல்லும் நாளை முன்கூட்டியே உறுதி செய்து டிக்கெட் வாங்குதலும் வேண்டா. அலுவலகங்கள் விமானக் கால அட்டவணையைப் பார்த்து நடப்பதில்லை.

ஏடுகளில் நம் ஊராரை மிகவும் வருத்துவது பெயர்ச் சிக்கல். இங்கே 'ச. அந்தோணி' என்று தலைப்பெழுத்தோடு எழுதுகிறோம். அங்கோ குடும்பப் பெயர் வேறு, தன்பெயர் வேறு எனப் பிரித்தெழுத வேண்டும். தந்தை பெயர் குடும்பப் பெயராகிவிடும். அண்ணன் தம்பிக்கே இருவேறு குடும்பப் பெயர் அமைவதுண்டு. திருமுழுக்குச் சான்றில் சூசை, பள்ளிச் சான்றில் ஜோசப், பிரெஞ்சு ஏட்டில் ழொசேப். மூவரும் ஒருவரே என நாம் அறிவோம். டில்லியிலிருக்கும் அலுவலர் அறியார். ஆகவே பிறப்பு, திருமணச் சான்றுகளிலுள்ள எழுத்துப் பிழைகளை முதலில் திருத்துக. ஒரு நாட்டின் ஏட்டை மறுநாடு ஏற்பதற்கு 'அப்போஸ்தில்' எனும் முத்திரை வேண்டும். இந்தியாவும் பிரான்சும் அம்முறையை ஏற்ற நாடுகள். முத்திரையையும் ஏற்புடைய மொழிபெயர்ப்பையும் அங்கிருந்தே பெற்று வருக. மூல ஏடுகளைக் கைப்பையில் வைத்து, படிகளைத் தனியே மற்றொரு பையில் வைத்துக்கொள்க.

இனி, நம்மவர் மிகுதியாகக் கேட்கும் உறவினர் பிள்ளையைப் பற்றிக் கூறுவேன். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன், பெரியம்மா, சின்னம்மா, தாத்தா, பாட்டி ஆகியோர் உறவினராகச் சட்டத்தில் ஏற்கப்படுகின்றனர். அயல்நாட்டில் வாழும் உறவினர் தத்தெடுக்க வழி உண்டு. ஆனால் காராவின் சான்றும், ஆட்சியரின் ஆணையும், குடியிருக்கும் நாட்டின் இசைவும் இங்கும் வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலர் பெற்றோரின் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். ஐந்து அகவை நிறைந்த பிள்ளையாயின் அதன் இசைவையும் கேட்பர்.

இவ்விசைவு வெறும் சடங்கன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தில் ஆறு அகவைச் சிறுமி ஒருத்தியைப் பாரிசிலுள்ள அத்தைக்குத் தர யாவரும் ஒருமனப்பட்டிருந்தனர். அத்தை நல்லவர், வசதியும் உண்டு. விசாரிக்க வந்த அலுவலர் பிள்ளையிடம், "அத்தையோடு போகிறாயா?" என்று கேட்டார். "போகிறேன். அம்மாவும் வருவார்கள் அல்லவா?" என்றது பிள்ளை. அங்கிருந்த எவரும் அதற்கு விடை சொல்லவில்லை. அன்றிரவே அத்தை தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடிவு செய்தார். இன்று அவர் அங்கிருந்தே அப்பெண்ணின் கல்விச் செலவை ஏற்று நடத்துகிறார். விடுமுறைதோறும் வந்து கண்டு செல்கிறார். தத்தெடுக்காமல் விட்டதனால் அவர் அன்பு குறைந்ததா? இல்லை, சரியான உருவை அடைந்தது.

ஏனெனில், தத்து ஆணை வந்த நாள்முதல் பிறந்த குடும்பத்தோடு பிள்ளைக்குள்ள சட்ட உறவு முற்றும் அறுந்துபோகிறது. நேற்றுவரை அப்பா என அழைத்தவரை நாளை மாமா என அழைக்க வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைக்கு இது வாழ்வளிக்கும். பெற்றோர் நலமாயிருக்க, பாஸ்போர்ட்டுக்காகவும் எதிர்கால வேலைக்காகவும் இவ்வாறு செய்வதாயின், பிள்ளையைக் கருவியாக்கும் செயலாக அது முடியும். 'பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை' என்பதன்று தத்து. 'குடும்பமில்லாத பிள்ளைக்கு ஒரு குடும்பம்' என்பதே தத்து. இவ்விரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், இடையே பெருவேறுபாடு உண்டு.

காத்திருக்க மனமில்லாதோர்க்குக் காட்டப்படும் குறுக்கு வழி எது? பிரசவ நாளிலேயே பெறாதவளின் பெயரைப் பெற்றவளாக எழுதிவிடுவது. பின்னர் அதற்கொத்த திருமுழுக்குச் சான்று கேட்டுப் பங்குக்கு வருவர். "சாமி, யாருக்கு என்ன நட்டம்? பிள்ளைக்கு நன்மைதானே?" என்பர். நட்டம் பிள்ளைக்கே. சட்ட முறையை மீறித் தத்தெடுத்தால் மூன்றாண்டு வரை சிறையோ, ஓர் இலட்ச ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். பிள்ளையை விலைக்கு விற்றாலும் வாங்கினாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவல். மருத்துவமனை ஊழியர் உடந்தையாயின் ஏழாண்டு வரை. தண்டனையைவிடக் கொடியது ஒன்றுண்டு. பொய் ஏடுகளின் நிழலில்தான் பிள்ளைத் திருட்டு வளர்கிறது. சென்னையில் ஏழைக் குடிசைகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் ஓர் அமைப்பின் வழியே அயல்நாடுகளுக்குத் தத்தாகச் சென்ற செய்தி 2005-இல் வெளிவந்தபோது நாடே திடுக்கிட்டது. அங்கே வாங்கியோர் பலர் நல்ல மனிதர். ஏடுகள் மெய்யென நம்பியோர். இங்கே தெருத்தெருவாய்த் தேடியலைந்த தாய்மாரின் கண்ணீரை எந்த நீதிமன்றமும் முழுதும் துடைக்க முடியவில்லை. இத்தகைய முறைகேடுகளைக் கண்டே நெதர்லாந்து அயல்நாட்டுத் தத்தெடுப்பைப் படிப்படியாக நிறுத்த 2024-இல் முடிவு செய்தது.

பிரான்சில் வளர்ந்த பெண்மணி ஒருவர் பங்கு அலுவலகத்திற்கு வந்தார். பல்லாண்டுகளுக்கு முன் கைக்குழந்தையாய் இங்கிருந்து சென்றவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கையில் மடிப்புக் கிழிந்த திருமுழுக்குச் சான்றின் படி ஒன்று. பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். பெற்றோர் பெயருக்குரிய கட்டம் வெறுமையாயிருந்தது. ஆனால் எந்த இல்லத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தை, எந்நாளில் யார் ஞானத்தாயாக நின்றார் என்பதை அந்நாளைய குரு தெளிவாக எழுதி வைத்திருந்தார். அப்பெண்மணி அந்த வரியின்மீது விரலை வைத்து நெடுநேரம் அமர்ந்திருந்தார். பின்னர் அவ்வில்லத்திற்கும், முறைப்படி வேர் தேடுவோர்க்கு உதவும் காராவுக்கும் வழிகாட்டி அனுப்பினோம். அவர் தாயைக் கண்டாரா என்பது அவருக்கும் இறைவனுக்கும் உரிய செய்தி. ஆனால் தேடுவதற்கு ஒரு தொடக்கம் அவருக்கிருந்தது. பொய்ப் பெயர் எழுதப்பட்ட பிள்ளைக்கு அந்தத் தொடக்கமும் இல்லை; நோயுற்று இரத்த உறவைத் தேடும் நாளில் அவன் கையில் ஒரு நூலிழையும் இராது.

ஆகவே பங்குப் பதிவேட்டில் பொய் எழுத எக்குருவுக்கும் உரிமையில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதில் தெளிவாயுள்ளது. நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டோர் தத்தெடுத்தவரின் பிள்ளைகளாகவே கருதப்படுவர் என்கிறது 110-ஆம் எண். தத்துப் பிள்ளையின் திருமுழுக்கில் தத்தெடுத்தோர் பெயரை எழுதவும், நாட்டின் பதிவேட்டில் வழக்கமிருப்பின் ஈன்றோர் பெயரையும் எழுதவும் 877-ஆம் எண் பணிக்கிறது. தத்தினால் விளையும் உறவும் திருமணத் தடையாகும் என்கிறது 1094-ஆம் எண். அதாவது, தத்து மகளும் பெற்ற மகனும் மெய்யாகவே உடன்பிறந்தோர். ஆணை வருமுன், வளர்ப்புப் பொறுப்பில் மட்டும் பிள்ளை உள்ளபோது திருமுழுக்குக்கு விரைய வேண்டா. உயிருக்கு இடர் நேர்ந்தாலன்றி, சட்டப்படி பெற்றோரான பின் விழாவாகவே கொண்டாடலாம்.

'அன்புக்கு எதற்கு இத்தனைத் தாள்?' என்று கேட்போர்க்கு நாசரேத்துத் தச்சரை நினைவூட்டுவேன். மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வானதூதர் சூசையப்பருக்கு இட்ட பணி பிள்ளைக்குப் பெயரிடுவதாகும். யூதர் முறைமையில் பெயரிட்டவரே சட்டத் தந்தை. இரத்தத்தால் அன்று, அப்பெயரிடுதலால்தான் நம் ஆண்டவர் தாவீதின் குலத்தவரானார். லூக்கா கூறும் நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள்: நிறைமாதக் கர்ப்பிணியோடு பெத்லகேமுக்கு நடந்தது எதற்காக? அரசின் குடிக்கணக்கில் பெயரைப் பதிவு செய்வதற்காக அன்றோ! ஏட்டுக்காகப் பயணம் செய்த முதற் குடும்பம் திருக்குடும்பமே. புனித பவுலும், நாம் இறைவனின் பிள்ளைகளானதை விளக்கத் தம் காலத்துத் தத்துரிமைச் சொல்லையே எடுத்தாண்டார். தத்துப் பிள்ளை குறைந்த பிள்ளையன்று. அவ்வாறாயின் நாமனைவரும் குறைந்தோரே.

இறுதியாகச் சில சொற்கள். பயணத்திற்கு முன் ஓராண்டேனும் கிழமைதோறும் சிறிது சிறிதாக ஏடுகளைச் சேருங்கள். தரகரை அணுகாதீர்கள், காராவின் பதிவு முறையும், தூதரகமும், மாவட்ட அலுவலகமும் எல்லார்க்கும் திறந்தவை. திரும்பிச் சென்றபின் ஈராண்டு காலம் அலுவலர் பிள்ளையைப் பார்க்க வருவார். அவரை வேவுகாரராக எண்ணாது விருந்தினராக ஏற்றுக்கொள்ளுங்கள். பிரான்சின் குடிப்பதிவில் பிள்ளையின் பெயர் ஏறுவதற்கு நாந்த் நகர அதிகாரிகளுக்கு எழுதுவதை மறவாதீர்கள். பிள்ளை கேட்கும் அகவையில் உண்மையைச் சொல்லுங்கள். பிறர் வாயால் அறியும்படி விட்டுவிடாதீர்கள். நீங்கள் சேர்த்த ஏடுகளை ஒரு கோப்பில் பத்திரப்படுத்தி, வளர்ந்தபின் அவன் கையில் கொடுங்கள். 'உன்னை அடைவதற்கு நாங்கள் நடந்த வழி இது' என்று சொல்வதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

பிள்ளைப்பேற்றுக்காக ஏங்கும் இல்லங்களையும், பெற்றோருக்காக ஏங்கும் பிள்ளைகளையும் புனித சூசையப்பர் தம் பாதுகாப்பில் வைத்துக் காப்பாராக.